சப்ளிமென்ட் இருக்கிறதா என்று கேட்டார்கள்

முரளியின் கணுக்காலில் காலுறை பதித்த கோடு அழியாமல் நின்றதுதான் முதல் அறிகுறி. அலுவலகம் விட்டு வந்து சோபாவில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணுக்காலைச் சுற்றி ஒரு பள்ளம். விரலால் அழுத்திப் பார்த்தேன். அழுத்திய இடம் குழியாகவே இருந்தது. மேலே வர நேரம் எடுத்துக்கொண்டது.

"என்னங்க, கால் இப்படி வீங்கிக் கெடக்கு?"

"சனிக்கிழமை பாட்லக்ல ஆளாளுக்குக் கொண்டு வந்த ஊறுகாய ஜாஸ்தி சாப்ட்டுட்டேன். சால்ட். சரியாயிடும்."

"டாக்டர்ட்ட போவமா?"

"யெஸ், யெஸ்."

இந்த ‘யெஸ், யெஸ்’ பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். என் கணவர் மென்பொருள் துறையில் வேலை பார்த்தவர். அமெரிக்கர்களோடு ஃபோனில் பேசியே காலம் தள்ளியவர். எதிர்ப்பக்கம் சொன்னது காதில் விழாவிட்டாலும், பாதிதான் புரிந்தாலும், முதலில் ‘யெஸ், யெஸ்’ என்று சொல்லிவிடுவார். என்ன கேட்டார்கள் என்று பிறகு மெயிலில் தேடிக்கொள்வார். அவருடைய டீமில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். "உங்கள வெட்டிப் போடப் போறேன்னு எவனாவது சொன்னாலும் யெஸ், யெஸ்ம்பீங்க" என்று நான் கிண்டல் செய்வேன். அதற்கும் சிரித்துக்கொண்டே அதையேதான் சொல்வார்.

முரளி இப்போது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கத்தில் அவர் நல்லபடியாக எழுந்து வருவார் என்று நம்பிக்கொண்டு இதை யாரும் படிக்க வேண்டாம். நான் அப்படி நம்பிப் படித்த கட்டுரைகள் நிறைய. ஆனாலும் படியுங்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்கு அறுபத்தைந்து வயதுக்கு முன்பே அமெரிக்க அரசின் மெடிகேர் அட்டை வந்திருந்தால், கட்டாயம் படியுங்கள்.

நாங்கள் டாலஸுக்கு வடக்கே பிளேனோவில் இருந்தோம். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். இருவருக்குமே சொந்த ஊர் பாளையங்கோட்டை. கிரீன் கார்டு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் மகள் யாழினி அப்போது மூன்றாம் வகுப்பு. நாங்கள் பேசும் தமிழ் அத்தனையும் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

ஊறுகாய்க் கணக்கு ஒரு மாதம் ஓடியது. பிறகு ஒரு நாள் மாடிப்படி ஏறி வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவசர சிகிச்சைப் பிரிவில் இரத்தம் எடுத்தார்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு இரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதன் அளவு) பார்த்துவிட்டு, முதலில் சோதனைக்கூடத்தின் தவறு என்று நினைத்தார்களாம். திரும்ப எடுத்தார்கள். அதே எண்தான் வந்தது.

சிறுநீரக மருத்துவர் ஒரு பெண்மணி. நாற்காலியை இழுத்துப் போட்டு, முரளியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து பேசினார். இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன. பல வருஷங்களாக நடந்துவந்திருக்கிறது. கவனிக்காமல் விட்ட இரத்த அழுத்தமாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். இனிமேல் அதைக் கண்டுபிடிப்பது கடினம். உடனே டயாலிசிஸ் (இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திரும்ப உடலுக்குள் விடுவது) தொடங்க வேண்டும். பொருத்தமான ஆள் கிடைத்தால் மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம், வயது குறைவு என்பதால் நல்ல வாய்ப்பு உண்டு.

"ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்று கேட்டார்.

"யெஸ், யெஸ்" என்றார் முரளி. கேள்வி எதுவும் கேட்கவில்லை. மருத்துவர் காத்திருந்தார். நான் முரளியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

செவ்வாய், வியாழன், சனி என்று அவருக்கு முறை ஒதுக்கினார்கள். விடிவதற்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும். முதலில் கழுத்துக்குக் கீழே ஒரு குழாய் வைத்துச் செய்தார்கள். பிறகு இடது முன்கையில் ஃபிஸ்துலா (தமனியையும் சிரையையும் இணைத்துத் தடிக்கச் செய்யும் இரத்தக்குழாய், ஊசி போட வசதியாக) அமைத்தார்கள். அந்த இடத்தைத் தொட்டால் உள்ளே விர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்த அதிர்வு இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அது நின்றால் வழி அடைத்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் நாள் நான் தொட்டுப் பார்த்து, "என்னங்க, உள்ள ஃபோன வைப்ரேட்ல போட்டு வச்சிருக்காங்களா?" என்றேன். யாழினி காதை வைத்துக் கேட்டாள். "அப்பா, யூ சவுண்ட் லைக் எ பீ" என்றாள். அவர் தேனீ மாதிரி ஒலி எழுப்பி அவளைத் துரத்தினார். அன்று மூவரும் சிரித்தோம். நோய் வந்த வீட்டில் சிரிப்பே இருக்காது என்று யார் சொன்னது?

தூங்கும்போது என் விரல்கள் அந்தக் கையின் மேல்தான் இருக்கும். அதைத் தொட்டுக்கொண்டே தூங்கப் பழகிவிட்டேன்.

அந்த வருஷமே முரளியின் பிரிவைக் கலைத்துவிட்டார்கள். நோய்க்காக அனுப்பினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அவரோடு நல்ல உடம்புக்காரர்களும் போனார்கள். ஆனால் வேலையோடு இருந்த இன்ஷூரன்ஸும் போனது. அதை நாமே பணம் கட்டிக் கொஞ்ச காலம் தொடரலாம் என்றார்கள். விலையைப் பார்த்துவிட்டு மூடி வைத்தோம். நான் ஒரு டேகேரில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே எங்களுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. வசதியில்லாதவர்களுக்கான அரசு உதவிக்கு, என் சம்பளமும் ஊரில் வாங்கிப் போட்டிருந்த மனையும் குறுக்கே நின்றன. அப்போதுதான் மெடிகேர் அட்டை வந்தது.

மெடிகேர் என்பது முதியவர்களுக்கான அரசுக் காப்பீடு. ஆனால் உடல் இயலாமையால் வேலை செய்ய முடியாத இளையவர்களுக்கும், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கும் வயது பார்க்காமல் உண்டு. முரளிக்கு அப்போது முப்பத்தொன்பது. மருந்துக் கடையில் இருந்த பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்கள் அப்பாவுடையதா?" என்று கேட்டாள். அதன்பிறகு அவர் அதை ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். நண்பர்கள் வட்டத்தில் யாரிடமும் சொல்லவில்லை. "டிஸெபிலிட்டின்னு சொன்னா பாவமா பாப்பாங்க கலை. நாலு நாள்ல பாட்லக் மெனுவே மாத்திருவாங்க" என்றார்.

சொல்லியிருந்தால் யாராவது ஒரு அங்கிள், ஒரு ஆன்ட்டி, தன் பெற்றோருக்கு மெடிகேர் வாங்கிக் கொடுத்த அனுபவத்தில், "சப்ளிமென்ட் எடுத்தாச்சா?" என்று கேட்டிருப்பார். எங்கள் ஆட்கள் அடுத்தவர் விஷயத்தில் தலையிடாமல் இருக்கவே மாட்டார்கள். அந்த ஒரு தடவை அவர்கள் தலையிட வழியில்லாமல் போய்விட்டது.

அது என்ன சப்ளிமென்ட்? சொல்கிறேன். மருத்துவரைப் பார்ப்பது, டயாலிசிஸ் போன்ற செலவுகளில் மெடிகேர் நூற்றுக்கு எண்பதைத்தான் கட்டும். மீதி இருபது நம் தலையில். அந்த இருபதுக்கு உச்சவரம்பு கிடையாது. அதை ஏற்றுக்கொள்ளத் தனியார் நிறுவனங்கள் விற்கும் துணைக் காப்பீட்டுக்குத்தான் சப்ளிமென்ட் என்று பெயர். அறுபத்தைந்து வயதானவர் கேட்டால் நாடு முழுக்க எங்கேயும், குறிப்பிட்ட காலத்துக்குள், மறுக்காமல் கொடுத்தாக வேண்டும். அதற்குக் கீழே உள்ளவருக்கு அப்படி நாடு தழுவிய கட்டாயம் இல்லை. அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில இடங்களில் கிடைக்கும், சில இடங்களில் கிடைக்கவே கிடைக்காது. எங்கள் டெக்ஸாஸில் அப்போது இருந்த ஏற்பாடு: இருப்பதிலேயே அடிப்படையான ஒரு திட்டத்தை மட்டும், மெடிகேர் தொடங்கி ஆறு மாதத்துக்குள் கேட்டால், நோயைக் காரணம் காட்டி மறுக்கக்கூடாது. ஆறு மாதம் தாண்டினால் மறுக்கலாம்.

அந்த ஆறு மாதத்துக்குள்தான் அந்தக் கேள்வி வந்தது.

நான் அன்று அங்கே இல்லை. இது முரளி பிறகு சொன்னது. டயாலிசிஸ் நிலையத்தில் நாற்காலியில் சாய்ந்து, பாதித் தூக்கத்தில் இருந்திருக்கிறார். இயந்திரம் இரைந்துகொண்டிருக்கிறது. முதலில் உணவு ஆலோசகர் வந்து, சிறுநீரக நோயாளிகளுக்கான வைட்டமின் மாத்திரை ஒரு குப்பியும் புரதப் பானம் ஒரு டப்பாவும் பக்கத்தில் வைத்துவிட்டு, இந்த சப்ளிமென்ட்டைத் தவறாமல் எடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சற்று நேரத்தில் சமூகப் பணியாளர் (நோயாளிகளின் காப்பீடு, குடும்பம், போக்குவரத்து போன்றவற்றைக் கவனிப்பவர்) வந்திருக்கிறார். முகக்கவசம் போட்டிருந்ததால் யார் வந்தார் என்றுகூட முரளிக்குச் சரியாகத் தெரியவில்லை.

"மெடிகேர் வந்துவிட்டதாமே. சப்ளிமென்ட் இருக்கிறதா?"

"யெஸ், யெஸ். டூ."

"இரண்டா! அருமை. அப்படியென்றால் உங்களுக்குக் கவலையில்லை."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவர் பெருமையாகச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "நம்ம பேப்பர் எல்லாம் பக்காவா இருக்காம். கவலப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க." நான் புரதப் பானத்தைக் கலக்கிக் கொடுத்தேன். ஈரமண் மாதிரி இருக்கிறது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார்.

மதினி வந்தது அடுத்த வசந்தத்தில். செல்வராணி மதினி முரளியின் கூடப்பிறந்த அக்கா, பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியை. சிறுநீரகம் கொடுக்க என் இரத்தப்பிரிவு முரளிக்குச் சேரவில்லை. ஊரில் பரிசோதித்ததில் மதினிக்குச் சேர்ந்தது. சம்பளமில்லா விடுப்பு போட்டு, சுற்றுலா விசாவில், வாழ்க்கையில் முதல் தடவையாக விமானம் ஏறி வந்தார். விமான நிலையத்தில் ஆறு மாதத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். எங்களுக்கு எல்லாமே ஆறு மாதம்தான்.

தம்பியின் கையைத் தடவிப் பார்த்துவிட்டு மதினி சொன்ன முதல் வார்த்தை: "ஏலே, எனக்கு ரெண்டு இருக்குல்லா. அத வச்சிக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன்? ஒண்ண எடுத்துக்கோ." எதிர்வீட்டுக்காரி சர்க்கரை கடன் கேட்டால் சொல்வது மாதிரி சொன்னார். முரளி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். நோய் வந்த பிறகு அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உறுப்பு மாற்று மருத்துவமனையில் மதினியைத் தலை முதல் கால் வரை சோதித்தார்கள். இதயம், நுரையீரல், சர்க்கரை, அழுத்தம், மனநிலை. யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று தனியறையில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டார்களாம். "என் தம்பிக்கு நான் குடுக்கதுக்கு எவன் என்னக் கட்டாயப்படுத்தணும்?" என்று மதினி திருப்பிக் கேட்டிருக்கிறார். எல்லாவற்றிலும் தேறினார். தேதி குறிக்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தோம். அதற்கு முன் நிதி ஒருங்கிணைப்பாளரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள்.

அந்த அறை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மேசைமேல் ஒரு சின்னக் கள்ளிச்செடி, பக்கத்தில் டிஷ்யூ டப்பா. அந்த அம்மாள் அன்பாகத்தான் பேசினார். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே, "ஹூ இஸ் யுவர் செகண்டரி?" என்றார்.

"மை வைஃப்" என்று முரளி என்னைக் காட்டினார்.

அவர் சிரிக்கவில்லை. இரண்டாவது காப்பீடு எது என்று கேட்டேன் என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். அறுவை சிகிச்சை ஒரு நாளில் முடிந்துவிடும். அதன்பிறகு வைத்த சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்க மருந்துகள், பரிசோதனைகள், மருத்துவர் சந்திப்புகள் என்று ஆயுளுக்கும் தொடரும். அந்த மீதி இருபதை ஏற்க ஒரு வழி இல்லாமல், எங்கள் மருத்துவமனை விதிப்படி மாற்றுச் சிகிச்சைக்குச் சேர்க்க முடியாது. சிறுநீரகம் வைத்துவிட்டு, மருந்து வாங்க முடியாமல் அது வீணானால், கொடுத்தவருக்கும் அநியாயம், வாங்கியவருக்கும் அநியாயம். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

"மெடிகேர் வந்தபோது சப்ளிமென்ட் எடுத்திருக்கலாமே? உங்களுக்கு ஆறு மாதம் இருந்ததே? யாரும் கேட்கவில்லையா?"

அந்த ஆறு மாதம் முடிந்து ஏழெட்டு வாரம் ஆகியிருந்தது.

கார் நிறுத்துமிடத்தில், மதினியைப் பின்சீட்டில் உட்காரவைத்துவிட்டு முரளி என் பக்கம் வந்தார். "கேட்டாங்க கலை. சப்ளிமென்ட் இருக்கான்னு கேட்டாங்க. நான் ரெண்டு இருக்குன்னு சொன்னேன். அந்த வைட்டமின் பாட்டில நெனச்சிக்கிட்டு."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பொய் சொல்லவில்லை, சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பின்சீட்டில் இருந்த மதினி, "என்னத்துக்குச் சிரிக்கிய?" என்றார். அவருக்குச் சொல்ல ஆரம்பித்தபோதுதான் அது சிரிக்கிற விஷயமில்லை என்பது எனக்கு உறைத்தது.

பிறகு நான் ஃபோனும் கையுமாக ஆனேன். நிறுவனம் நிறுவனமாகக் கூப்பிட்டேன். எல்லோரும் தேன் ஒழுகப் பேசினார்கள். எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து நின்றார்கள்: சிறுநீரகச் செயலிழப்பு உண்டா? "அது இருக்கதுனாலதானய்யா இந்த அட்டையே வந்துது!" என்று ஒருவரிடம் தமிழிலேயே கத்திவிட்டேன். அவர் அமைதியாக, வருந்துகிறேன் மேடம் என்றார். இன்னொருவர், அறுபத்தைந்து வயதில் மீண்டும் ஆறு மாத வாய்ப்பு வரும், அப்போது யாரும் மறுக்க முடியாது என்று ஆறுதல் சொன்னார். அதை முரளியிடம் சொன்னேன். "அப்பச் சரி. இன்னும் இருபத்தஞ்சு வருஷம்தான். மெஷின்கிட்ட சொல்லி வச்சிருவோம்" என்றார்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. மெடிகேரைத் தனியார் நிறுவனம் வழியாக எடுத்துக்கொள்ளும் திட்டம். அதில் நம் பங்குச் செலவுக்கு வருஷத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஆனால் இலையுதிர் காலத்தில்தான் சேர முடியும், ஜனவரியில்தான் நடப்புக்கு வரும். எங்களுக்குக் கிடைத்த திட்டத்தில் இந்த மருத்துவமனை இல்லை. வேறு ஊரில் வேறு மருத்துவமனை. அங்கே சோதனைகள் எல்லாம் முதலிலிருந்து.

மதினியின் விசாவை நீட்டிக்க விண்ணப்பித்தோம். அவர் தங்கினார்.

ஊரில் மதினி ஒரு நாளும் சும்மா உட்கார்ந்தவர் இல்லை. பள்ளிக்கு நடை, சந்தைக்கு நடை, கோயிலுக்கு நடை. இங்கே வெயில் காலத்தில் வாசலில் கால் வைக்க முடியாது. நடைபாதை எங்கள் தெருமுனையோடு நின்றுவிடும், அதற்கப்புறம் ஆறு வழிச்சாலை. "என்ன ஊருட்டி இது? ரோட்டுல ஒரு மனுசரக் காணோம்" என்பார். கராஜுக்குள்ளேயே காரைச் சுற்றிச் சுற்றி நடப்பார். இராத்திரி தூக்கம் வராது. ஊரில் இருக்கும் தன் கணவரோடும் பிள்ளைகளோடும் ஃபோனில் பேசுவார், பேசிவிட்டு டிவி முன்னால் உட்காருவார். செவ்வாய், வியாழன், சனி காலையில் எங்களுக்கு முன்னால் எழுந்து தம்பிக்கு இட்லி ஊற்றி வைப்பார்.

ஜனவரி வந்தது. புதிய மருத்துவமனையில் நாள் கிடைக்க மேலும் சில மாதங்கள் ஆயின. அங்கே எடுத்த சோதனையில் மதினிக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு மேலே போயிருந்தது. இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. தானம் கொடுப்பவரைக் காப்பாற்றுவது எங்கள் முதல் கடமை என்றார் மருத்துவர். இவருக்கு இரண்டு சிறுநீரகமும் இனி வேண்டியிருக்கும் என்றார்.

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும் முன்பே மதினிக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"போன வருசம் நல்லாருக்குன்னு அவியதான சொன்னாவ? அப்பவே எடுத்திருந்தா இந்நேரம் அவன் ஒடம்புல கெடந்து ஓடிட்டு இருக்கும்லா? நான் குடுக்கத்தான வந்தேன் கலை?"

"ஆமா மதினி."

"பெறவு ஏன் வேண்டாங்காவ?"

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்போதே வாங்கிக்கொள்ளும் இடத்தில் நாங்கள் இல்லை, அவ்வளவுதான். அன்று அந்த அறையில் எனக்கு வந்த கோபத்துக்கு ஆள் யாரும் அகப்படவில்லை. முரளி மீது கோபப்பட முடியுமா? அந்தச் சமூகப் பணியாளர் மீது? அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை நாற்காலி! ஒரு வார்த்தையோடு யார் சண்டை போடுவது?

விமான நிலையத்தில் மதினி தன் விலாப்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "கொண்டு வந்தத அப்படியே திருப்பிக் கொண்டு போறேன்ல முரளி. என்னய மன்னிச்சிரு" என்றார். முரளி குனிந்து அவர் காலைத் தொட்டார். எழுந்திருக்க முடியாமல் தடுமாறினார். நானும் மதினியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். ஃபிஸ்துலா கையை யாரும் அழுத்திவிடக்கூடாது என்ற பயத்தில் மதினி அதைத் தன் கையில் ஏந்திக்கொண்டே நின்றார்.

அதன்பிறகு இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்கான காத்திருப்போர் வரிசையில் முரளியைச் சேர்த்தார்கள். வருஷக்கணக்கில் ஆகும் என்றார்கள். "யெஸ், யெஸ்" என்றார். அந்தத் தடவை அவருக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

டயாலிசிஸில் வாரத்துக்கு ஒரு நீண்ட இடைவெளி உண்டு. சனிக்கு அப்புறம் செவ்வாய்தான். நடுவில் இரண்டு முழு நாள், தண்ணீரை அளந்து குடித்தாலும், உடம்பில் நீரும் பொட்டாசியமும் (இதயத் துடிப்பை நேரடியாகப் பாதிக்கும் உப்பு) ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு திங்கட்கிழமை மத்தியானம், நான் டேகேரில் குழந்தைகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தபோது, முரளியின் இதயம் நின்றுவிட்டது. நான் வீட்டுக்கு வந்தபோது சோபாவில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக் கையைத் தொட்டேன். அதிர்வு இல்லை. கணுக்காலை விரலால் அழுத்தினேன். ஏன் அழுத்தினேன் என்று கேட்காதீர்கள். குழி அப்படியே நின்றது.

அவரைச் சும்மா விட்டுவிட எனக்கு மனசே வரவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் வரும்வரை அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

இதே பாதையில் வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அட்டை வந்த அன்றே கேளுங்கள்: மீதி இருபதை யார் கட்டுவார்கள்? நம் மாநிலத்தில், நம் வயதில், நம் நோய்க்கு அது கிடைக்குமா? எப்போது கதவு மூடும்? சட்டங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன, நான் சொன்னது எங்கள் காலத்து நிலை. இதற்கென்றே இலவசமாக ஆலோசனை சொல்ல ஒவ்வொரு மாநிலத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள். வெட்கப்படாமல் ஊரெல்லாம் சொல்லுங்கள், மூக்கை நுழைக்கிறவர்கள் நுழைக்கட்டும். புரியாத கேள்விக்கு, என்ன கேட்டீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். அது ஒன்றும் அவமானமில்லை.

எனக்கு இப்போதும் வாரத்தில் ஏழு நாள் கிடையாது. செவ்வாய், வியாழன், சனி என்று மூன்றுதான். அந்த நாட்களில் அலாரம் இல்லாமலே விழிப்பு வந்துவிடுகிறது. ஞாயிறு சாயங்காலம் ஆனால் யாரோ அளவுக்கு மேல் தண்ணீர் குடிப்பது போல ஒரு பயம். தூக்கத்தில் என் விரல்கள் மெத்தையின் அந்தப் பக்கம் போய்த் தேடுகின்றன. ஒன்றும் அகப்படாமல் என் முன்கைக்கே திரும்பி வருகின்றன. தொட்டுப் பார்க்கிறேன். என் கை சும்மா இருக்கிறது. ஆரோக்கியமான கை சும்மாதான் இருக்குமாம்.

அவர் போன மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடிந்தும் விடியாமல் ஃபோன் அடித்தது. டயாலிசிஸ் நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த பெண். அவர்களுக்கு யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை. மிஸ்டர் முரளி இன்னும் வரவில்லையே, இன்று வருகிறாரா என்று கேட்டாள். முந்தின நாளிலிருந்து வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவர் போய்விட்டார் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் மரத்திருந்தது. அதையே இன்னொரு தடவை சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"யெஸ், யெஸ்" என்றேன்.

அவசரமில்லை, அவருடைய நாற்காலியை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறோம் என்றாள் அந்தப் பெண்.